ஒரு பிஸ்டலை நம்புவதற்கு எத்தனை தோட்டா வேண்டும்?

மூன்றாம் எண் மேகசின், அதாவது பிஸ்டலின் பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிதான் குற்றவாளி என்று கண்டுகொள்வதற்கு எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரங்களும் பழியைப் பிஸ்டலின் தலையிலேயே சுமத்தியிருந்தேன். விசாரித்து, படித்து, நாலு பேர் கையில் இருந்ததை வாங்கிச் சுட்டுப் பார்த்து, அதன் பிறகு வாங்கிய 9 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக் அது; ஒன்றைச் சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. முதல் நாளிலேயே, முதல் 50 தோட்டாக்களுக்குள் ஒருமுறை நின்றது. குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்னும் உலோகப் பகுதி முழுமையாக மூடாமல் பாதியில் தங்கியிருந்தது. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு மேலிருந்து பார்த்தபோது, தோட்டாவின் மூக்கு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் வாயிலில் உள்ள சரிவில் முட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றது தெரிந்தது. மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்து விட்டேன், மறுபடியும் ஓடியது. அடுத்த வாரம் இருமுறை நின்றது. அதற்கடுத்த வாரம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

இப்படி வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறைப் போல மனிதனைப் படுத்துவது வேறொன்றில்லை. எண்ணெயைக் கூட்டினேன், குறைத்தேன், தோட்டாவின் பிராண்டை மாற்றினேன், ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கை, அது நன்றாக இருந்தும், கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் சுடும் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: “தம்பி, எந்த மேகசின்ல நிக்குதுன்னு பாத்தீங்களா?” நான் பார்க்கவில்லை. என்னிடம் இருந்த நான்கு மேகசின்களும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருந்தன; எதை எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. அன்றிரவே நான்கின் அடித்தட்டிலும் வெள்ளைப் பெயின்டால் 1, 2, 3, 4 என்று எழுதினேன். அடுத்த இரண்டு வாரங்களில் பிஸ்டல் நின்றது மூன்று முறை. மூன்றும் மூன்றாம் எண்ணில்.

வெர்னியர் காலிபரை எடுத்து அளந்தேன். தோட்டாவை மேலே பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகளின் இடைவெளி மற்ற மேகசின்களில் ஒன்றுபோல இருக்க, இதில் மட்டும் ஒரு பக்க உதடு தலைமுடி அளவுக்கு உள்வாங்கியிருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் நாள் நிரப்பிக்கொண்டிருக்கும்போது கைதவறிச் சிமென்ட் தரையில் தலைகீழாக விழுந்த மேகசின் ஒன்றை, துடைத்து வைத்துவிட்டு மறந்தே போயிருந்தேன். பிஸ்டலைச் செய்தவன் மீதும் தப்பில்லை, தோட்டாவைச் செய்தவன் மீதும் தப்பில்லை.

எந்தப் பிஸ்டல் நம்பகமானது என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். நம்பகத்தன்மை என்பது கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொருளின் குணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பிஸ்டல், மேகசின், தோட்டா, பிடிக்கும் கை ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுத் தொழிலின் குணம். நான்கில் எந்த ஒன்று மாறினாலும் அது வேறு கூட்டணி. பழைய சான்றிதழ் அதற்குச் செல்லாது.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரு தோட்டா வெடித்ததிலிருந்து அடுத்தது அறையில் அமர்வது வரை நடப்பவை அனைத்தும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகின்றன. வெடித்தவுடன் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டியபடியே சில மி.மீ. தூரம் பின்னால் போகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி, குழலுக்குள் அழுத்தம் தணிந்துவிடுகிறது. பிறகு குழலின் பின்முனை கீழே சாய, பூட்டு விடுபட்டு, ஸ்லைடு மட்டும் தனியே பின்னோக்கி ஓடுகிறது. ஓடும் வழியில் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி காலிக் கூட்டை அறையிலிருந்து பிடித்திழுத்து வர, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே வீசுகிறது. ஸ்லைடு பின் எல்லையைத் தொட்டுத் திரும்பும் அந்தச் சின்ன அவகாசத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளி, உதடுகளுக்கு அடியில் தயாராக நிறுத்தியாக வேண்டும். ரிகாயில் ஸ்பிரிங் முன்னே தள்ள, ஸ்லைடு அந்தத் தோட்டாவை உருவியெடுத்து, சரிவில் ஏற்றி, அறைக்குள் திணித்து, மறுபடி பூட்டுகிறது. இந்தச் சாயும் குழல் ஏற்பாடு அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் கைவண்ணம். 1911 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலிலும், இன்று விற்பனையாகும் பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களிலும், விவரங்கள் மாறினாலும் அடிப்படை அதுதான். பெரெட்டா 92 போன்ற சில, குழல் சாயாமல் நேராகவே பின்வாங்கும் வேறு பூட்டு முறையைக் கையாள்கின்றன. ஸ்லைடின் மேற்பகுதி பெரிதும் திறந்தே இருப்பதால் காலிக் கூடு சிக்கிக்கொள்ள அதில் இடமே குறைவு.

இந்த ஓட்டத்தை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பல சண்டைகள் தாமாகவே தீர்ந்துவிடும். உதாரணமாக, சிறிய பிஸ்டல் ஏன் பெரியதைவிட அதிகம் முரண்டு பிடிக்கிறது என்ற கேள்வி. தோட்டா என்னவோ அதேதான். ஆனால் ஸ்லைடின் எடை குறைவு என்பதால் அது வேகமாகப் பின்னால் பாய்கிறது. குழல் குட்டை என்பதால் அது ஓடும் தூரமும் குறைவு. ஆகவே மேகசின் ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்குகிறது. இதைச் சமாளிக்க உற்பத்தியாளர்கள் கடினமான ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். கடினமான ஸ்பிரிங் சற்று வலுக் குறைந்த தோட்டாவை மன்னிப்பதில்லை. இன்றைய குட்டிப் பிஸ்டல்கள் இந்தக் கணக்கை வியக்கத்தக்க அளவுக்குத் தீர்த்துவிட்டன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் தவறுக்கு இடம் கொடுக்கும் தாராளம் பெரிய பிஸ்டலிடம்தான் அதிகம்.

கையின் பங்கு பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். எங்களோடு பயிற்சிக்கு வரும் இளம்பெண் ஒருத்தி, மெலிந்த மணிக்கட்டு உடையவள், ஒருநாள் எரிச்சலோடு பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, “அண்ணா, இது எனக்கு மட்டும்தான் மக்கர் பண்ணுது, நீங்க சுட்டா ஒழுங்கா ஓடுது” என்றாள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. அதே பிஸ்டல், அதே மேகசின், அதே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டா. என் கையில் 15 தோட்டாவும் ஓடின, அவள் கையில் நான்காவதிலேயே காலிக் கூடு ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு, புகைபோக்கி போல நின்றது. ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமென்றால் பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான பிரேம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து பிரேமும் கூடவே பின்னால் போனால், ஸ்லைடு பிரேமைவிட்டு ஓடும் தூரம் குறைந்துவிடுகிறது; கூடு வெளியே விழுவதற்குள் ஸ்லைடு திரும்பி வந்து அதை வாசலிலேயே பிடித்துவிடுகிறது. பிடியை ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி, இடக்கையின் அடிப்பகுதியைப் பிடியின் காலியான பக்கத்தில் முழுமையாகப் பதிக்கச் சொன்னேன். அன்று மிச்சமிருந்த இரண்டு மேகசின்களில் ஒருமுறைதான் நின்றது. ஆனால் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒருவர் பாடப்புத்தகத்தில் உள்ளதுபோலப் பிஸ்டலைப் பிடிப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே சோதனையின்போது வலக்கையால் மட்டும் ஒரு மேகசினும், இடக்கையால் மட்டும் ஒரு மேகசினும் சுட்டுப் பார்ப்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். இரு கைகளில் ஒழுங்காக ஓடுவது இடக்கையில் தடுமாறினால், அது எடுத்துச் செல்லத் தகுந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன்; இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். புதுப் பிஸ்டலை 200 தோட்டா சுட்டுப் பார்த்து, நிற்காவிட்டால் நம்பலாம் என்பது சுடுவோரிடையே வழிவழியாக வரும் சொல். நானும் பல வருடங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு தோட்டாவுக்கு ஒருமுறை நின்றுபோகும் பிஸ்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தற்காப்புக்கு அப்படிப்பட்ட பிஸ்டலை யாரும் வைத்துக்கொள்ள விரும்ப மாட்டார்கள். அது 50 தோட்டாக்களைத் தடையின்றிக் கடந்துவிட வாய்ப்பு 60 விழுக்காடு. 200 தோட்டாக்களைக் கடக்க 13 விழுக்காடு. அதாவது அப்படிப்பட்ட மோசமான பிஸ்டல்களில் ஏழு அல்லது எட்டில் ஒன்று நம் 200 தோட்டாச் சோதனையில் முழு மதிப்பெண்ணுடன் தேறிவிடும். 300 என்று வைத்தால் அந்த வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. 500 என்றால் 1 விழுக்காட்டுக்கும் கீழே.

புள்ளியியலில் இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. எத்தனை முறை தடையின்றிச் சுட்டோமோ அந்த எண்ணால் மூன்றை வகுத்தால், உண்மையான தவறு விகிதம் அதைவிட அதிகமாக இருக்காது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 300 தோட்டா தடையின்றி ஓடினால், நூற்றுக்கு ஒன்றைவிட மோசமில்லை என்று மட்டுமே நமக்குத் தெரியும். ஆயிரத்துக்கு ஒன்று என்று சொல்ல 3000 வேண்டும். 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் நடத்திய சோதனையில் பிரௌனிங் வடிவமைத்த, கோல்ட் நிறுவனத்தின் பிஸ்டல் 6000 தோட்டாக்களை ஒருமுறைகூட நிற்காமல் சுட்டது; எதிர்த்து நின்ற சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டல் 37 முறை நின்றது. அந்த 6000 என்ற எண் வெறும் வீம்புக்காக வைத்ததல்ல என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை சுட்ட பின்னும் அவர்கள் உறுதியாகச் சொல்ல முடிந்தது இரண்டாயிரத்துக்கு ஒன்றைவிட மோசமில்லை என்பது மட்டுமே. அதுவும் அந்த ஒரு பிஸ்டலைப் பற்றித்தான். அதே அச்சில் வந்த இன்னொன்று தனியாகத் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும்.

தனி மனிதர் யாரும் இராணுவச் சோதனை நடத்த முடியாது. நான் வைத்திருக்கும் வரம்பு இதுதான்: சாதாரணப் பயிற்சித் தோட்டாவில் 500, எடுத்துச் செல்ல நினைக்கும் தோட்டாவில் 200, எல்லா மேகசின்களும் மாறி மாறி. முதல் நூறில் ஒன்றிரண்டு தடை வந்தால், புது உலோகம் ஒன்றோடொன்று பழகும் காலம் என்று மன்னிப்பேன்; அதன் பிறகு வரும் ஒவ்வொரு தடைக்கும் காரணம் தெரியாமல் விடுவதில்லை. காரணத்தைக் கண்டு சரிசெய்தால் எண்ணிக்கை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். இந்த ஒரு நிபந்தனைதான் எல்லோருக்கும் கசக்கும். 480 இல் நின்று, மேகசின் ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு, “மீதி இருபதுதானே” என்று மனம் கெஞ்சும். கெஞ்சட்டும்.

இதற்கெல்லாம் நோட்டுப் புத்தகம் வேண்டும். என்னுடையது கோடு போட்ட சாதாரண நோட்டு. தேதி, தோட்டாவின் பெயரும் எடையும், மேகசின் எண், எத்தனை சுட்டேன், நின்றால் எப்படி நின்றது என்பதற்கு ஒரு வரி. நின்ற விதம் முக்கியம். மூக்கு சரிவில் முட்டி நிற்பது பெரும்பாலும் மேகசினைக் காட்டிக்கொடுக்கும். காலிக் கூடு அறையைவிட்டு வரவே மறுத்தால் எக்ஸ்ட்ராக்டரையும் அழுக்கேறிய அறையையும் பார்க்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காமல், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் லேசான பள்ளம் மட்டும் விழுந்திருந்தால், அது கடினமான பிரைமராக இருக்கலாம், ஸ்லைடு முழுதாகப் பூட்டாமல் இருந்திருக்கலாம், அல்லது பிரைமரைக் குத்தும் ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்குள் யாரோ எண்ணெய் ஊற்றி அது களிம்பாகியிருக்கலாம். வெடிச் சத்தத்துக்குப் பதிலாகப் ‘பொத்’ என்று ஒரு மெல்லிய ஓசை கேட்டால் மட்டும், தட்டவும் கூடாது, இழுத்து அடுத்ததைச் சுடவும் கூடாது. மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்துக் கையோடு போய்விடும். இறக்கி, காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மறுபேச்சு.

தோட்டா வகையைப் பற்றி நடக்கும் வாதங்களுக்கு முடிவில்லை. நான் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன். ஜார்ஜ் லூகரின் பெயரோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 9 மி.மீ. பாரபெல்லம்தான் இன்றைய உலகின் பொது மொழி. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் ஆட்கள் இருவரை இழந்தது. ஒரு 9 மி.மீ. குண்டு உடலுக்குள் போதிய ஆழம் போகாமல் நின்றதே காரணம் என்ற முடிவுக்கு வந்து, அந்த அமைப்பு பெரிய தோட்டாக்களைத் தேடிப் போனது. அந்தத் தேடலில் பிறந்ததுதான் 1990 இல் வந்த, .40 அங்குலக் குண்டு கொண்ட தோட்டா. உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30 முதல் 45 செ.மீ. வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலும் அந்தத் தேடலில் வந்ததே. அதே அளவுகோலை வைத்துக் குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறியபின், 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. பின்னுதைப்பு குறைவு, மேகசினில் கூடுதல் தோட்டா, பயிற்சிக்குச் செலவு குறைவு. எனக்கு இதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பயிற்சிக்கான தோட்டாவின் குண்டு உருண்டை மூக்குடன் சரிவில் வழுக்கிக்கொண்டு ஏறும். தற்காப்புக்கான குழிமூக்குக் குண்டின் வாய் அகலமானது, சில பிஸ்டல்களில் அது சரிவின் விளிம்பில் தட்டும். 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டில் வெண்ணெய் போல ஓடும் பிஸ்டல் 147 கிரெய்னில் சுணங்குவதும் உண்டு. எதை எடுத்துச் செல்லப் போகிறோமோ அதையே 200 சுட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தத் தோட்டா விலை அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

சரி, எதை வாங்குவது? இங்கே என் சார்பை மறைக்க விரும்பவில்லை. எடுத்துச் செல்லவும் சுடுதளத்துக்கும் ஒரே பிஸ்டல் போதும் என்று நினைப்பவருக்கு நடுத்தர அளவே சரி. முழு அளவிலான எஃகுப் பிஸ்டல், முன்பு சொன்ன, 1911 என்றே பெயர் பெற்ற .45 ஆனாலும் சி.இசட். 75 ஆனாலும், ஏறத்தாழ ஒரு கிலோ எடை. சுடும்போது அந்த எடை வரமாக இருக்கும், இடுப்பில் பத்து மணி நேரம் சுமக்கும்போது சாபமாக இருக்கும். மறுமுனையில் 2018 இல் வந்த சிக் சாயர் பி365 போன்றவை அரைக் கிலோ எடையில், 8 செ.மீ. குழலில் பத்துத் தோட்டாக்களை அடக்கிக்கொண்டு, சட்டைக்குள் இருப்பதே தெரியாமல் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நூறு தோட்டா சுட்டபின் இன்னொரு பெட்டியைத் திறக்க மனம் வருவதில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை கன்றிப்போகும். சுட மனம் வராத பிஸ்டலில் 700 என்ற எண்ணை எப்படி எட்டுவது? இடையில், 1988 இல் வந்த கிளாக் 19 ஒரு வார்ப்பாக அமைந்துவிட்டது. 10 செ.மீ. குழல், 15 தோட்டா, மேகசின் இல்லாமல் 600 கிராம் எடை. அதன் பிறகு எல்லா நிறுவனங்களும் அந்த அளவில் ஒன்றைச் செய்துவிட்டன. பெயரைப் பற்றிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. எது பரவலாகப் புழக்கத்தில் உள்ளதோ, எதற்கு மேகசினும் ஸ்பிரிங்கும் உறையும் எளிதில் கிடைக்குமோ, அதை வாங்குவதே புத்திசாலித்தனம். அபூர்வமான பிஸ்டல் அலமாரிக்கு அழகு; அதன் எக்ஸ்ட்ராக்டர் உடைந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1982 இல் ஆஸ்திரிய இராணுவம் கிளாக் 17 ஐ ஏற்றுக்கொண்டபோது, பிளாஸ்டிக் பிரேமைப் பார்த்து உலகமே சிரித்தது. அதைச் செய்த காஸ்டன் கிளாக் அதற்குமுன் பிஸ்டல் செய்தவரே அல்ல. மொத்தம் 34 உதிரிபாகங்கள், வெளியே திருப்பி வைக்கும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது, ஒவ்வொரு முறையும் விசையின் கனம் ஒன்றே. முதல் குண்டுக்கு நான்கைந்து கிலோ விசையும் அடுத்தவற்றுக்கு இரண்டு கிலோவும் கேட்கும் டபுள் ஆக்ஷன் பிஸ்டல்களில் பழகியவர்களுக்கு, எல்லாமே இரண்டரைக் கிலோ என்பது பெரிய நிம்மதி. நான் தொடங்கியது டபுள் ஆக்ஷனில்தான். முதல் குண்டு இலக்கின் கீழ் இடது மூலைக்குப் போவதும் மற்றவை நடுவில் விழுவதும் இரண்டு வருடம் மாறவேயில்லை. ஆனால் அந்த நீண்ட முதல் இழுப்பு ஒரு பாதுகாப்பும்கூட என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். குறுகிய, லேசான விசை கொண்ட பிஸ்டலில் அந்தப் பாதுகாப்பு முழுவதையும் உறையும் விரலும்தான் தர வேண்டும்.

உறை என்றதும் எல்லோரும் கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு எதையோ வாங்குகிறார்கள். விசையைச் சுற்றியிருக்கும் விசைக்கூட்டை முழுமையாக மூடாத, பிஸ்டலை எடுத்ததும் வாய் சுருங்கிவிடும் துணி உறையில் குண்டேற்றிய பிஸ்டலை வைப்பதைவிட, வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைப்பது மேல். கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளில் அந்தந்த மாடலுக்கென்றே வார்த்த உறையும், அதன் கனத்தைத் தாங்கும் தடித்த பெல்ட்டும், பிஸ்டலின் பாகங்கள் என்றே கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவை. வெளியே எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதில்தான் ஆபத்து அதிகம். சட்டையின் ஓரமோ, ஜாக்கெட்டின் நாடாவோ விசைக்கூட்டுக்குள் நுழைந்துகொண்டால், கீழே அழுத்தும் கையே விசையை இழுத்துவிடும். அவசரமாக எடுக்க ஒரு காரணம் இருக்கலாம். அவசரமாகத் திரும்ப வைக்க ஒரு காரணமும் இல்லை. குனிந்து பார்த்து, துணியை விலக்கி, மெதுவாக வைக்கலாம். இவையெல்லாம் அந்தந்த நாட்டின் உரிமமும் எடுத்துச் செல்லும் அனுமதியும் கையில் இருக்கிறவருக்கு மட்டுமே பொருந்தும் பேச்சு என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை சிலவே. பிஸ்டல் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின், பிடியை இயல்பாகப் பிடித்து, சுட்டுவிரலின் முதல் கணுவின் சதைப்பகுதி விசையின் நடுவில் அமர்கிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றாலும், அதிகமாக உள்ளே போய்விட்டாலும் குண்டு பக்கவாட்டில் இழுக்கும். ஸ்லைடை இருபது முறை இழுக்க முடிகிறதா? வியர்த்த கையால் முடியுமா? மேகசின் பட்டனை அழுத்தப் பிடியை எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது? விற்பவரின் அனுமதியோடு வெற்று விசையும் இழுத்துப் பார்க்கலாம். வீட்டில் நான் செய்வது இது: நான் இருக்கும் வீட்டறைக்குள் தோட்டா ஒன்றுகூட இல்லாத நேரத்தில், முன்குறியின் மேல் ஒரு காலிக் கூட்டை நிறுத்திவைத்து விசையை இழுப்பேன். விசை விழும் கணத்தில் கூடு விழாமல் நின்றால், அந்தப் பிஸ்டலும் என் விரலும் சமாதானமாகிவிட்டன என்று பொருள். சில பிஸ்டல்களில் பத்து நாளில் நிற்கும். ஒன்றில் கடைசிவரை நிற்கவேயில்லை, அதை விற்றுவிட்டேன்.

பராமரிப்பைப் பெரிய வித்தையாக்கிவிட்டார்கள். ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு துளி, குழலின் வெளிப்புறம் ஸ்லைடில் உராயும் இடத்தில் ஒரு பூச்சு, அவ்வளவுதான் எண்ணெய். ரிகாயில் ஸ்பிரிங்கை உற்பத்தியாளர் சொன்ன கணக்கில், பெரும்பாலும் சில ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேகசின் ஸ்பிரிங் நிரப்பியே வைத்திருப்பதால் சோர்வதைவிட, நிரப்பி நிரப்பிக் காலி செய்வதால்தான் அதிகம் சோர்கிறது. மேகசின் என்பது செருப்பைப் போலத் தேயும் பொருள், தேய்ந்ததைத் தூக்கிப்போடத் தயங்கக் கூடாது. கழற்றும்போது மட்டும் வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு. முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினை எடுத்தால், வெளியே விழுந்த தோட்டாவின் இடத்தில் இன்னொன்று ஏறி அமர்ந்திருக்கும். கிளாக் உட்படப் பல பிஸ்டல்களைக் கழற்றவே விசையை இழுத்தாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வரிசை மாற்றம் எத்தனை சுவர்களில் ஓட்டை போட்டிருக்கும் என்பது புரியும்.

என் நோட்டில் இப்போது இருக்கும் பிஸ்டல் 4,150 தோட்டாக்களைக் கடந்திருக்கிறது. முதல் 500 க்குப் பிறகு நின்றது இருமுறை, இரண்டும் ஒரே பெட்டித் தோட்டாவில், அந்தப் பெட்டியின் மீதியைப் பயிற்சிக்குக்கூட எடுக்கவில்லை. மூன்றாம் எண் மேகசின் இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றே தடை உண்டாக்கி, தட்டி இழுத்துச் சரிசெய்யப் பழகுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

போன மாதம் உறையிலிருந்து எடுத்துக் காலி செய்தபோது, அறையிலிருந்து வந்த தோட்டாவை மேசைமேல் புதியதோடு பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். ஒவ்வொரு முறை பயிற்சிக்குப் போகும்போதும் அதையே வெளியே எடுத்து, திரும்பி வந்ததும் அதையே மறுபடி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் சரிவில் மோதி மோதி, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. காலிபர் ஏறத்தாழ 1 மி.மீ. வித்தியாசம் காட்டியது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். அதைத் தனியே எடுத்து, குப்பியில் போட்டு, மேலே ‘சுடக் கூடாது’ என்று எழுதினேன். நோட்டில் ஒரு பத்தி கூடியது: ஏற்றிய தேதி.